இடைவேளை என்று சொன்னார்கள்

என் அலமாரியில் 'டிராகன்' என்ற விளையாட்டுப் பத்திரிகையின் 236ஆம் இதழும் 237ஆம் இதழும் ஒட்டி நிற்கின்றன. நடுவில் ஒரு தாள்கூட நுழையாது. முதலாவதில் 1996 டிசம்பர் என்று இருக்கிறது, அடுத்ததில் 1997 ஜூலை. மாதந்தோறும் வர வேண்டிய பத்திரிகை. விடுபட்டுப்போன அந்த ஆறு மாதங்களுக்குள் அதை வெளியிட்ட நிறுவனம் கடனில் மூழ்கி, கைமாறிவிட்டது. பழைய இதழ்களாகத் தேடிச் சேர்த்தவன் என்பதால் அந்தக் காத்திருப்பு எனக்கு வாய்க்கவில்லை. 236ஐ மூடினேன், கையை நீட்டி 237ஐ எடுத்தேன்.

எனக்கு வாய்த்தது அதற்கு மிகவும் பிந்தைய நிறுத்தம். 2013 டிசம்பரில் வந்த 430ஆம் இதழோடு 'டிராகன்' ஓய்வெடுக்கும், அதன் உடன்பிறப்பான 'டன்ஜன்' 221ஆம் இதழோடு ஓய்வெடுக்கும் என்று அறிவித்தார்கள். மூடுகிறோம் என்ற சொல் எங்கும் இல்லை. 2014 ஜனவரி முதல் இடைவேளை, அவ்வளவே. இடைவேளை என்றால் எழுந்துபோய்க் கைகால் நீட்டிவிட்டு, மணியடித்ததும் திரும்பி வந்து உட்காரலாம். நாங்கள் உட்கார்ந்துதான் இருக்கிறோம்.

விளையாட்டுப் பத்திரிகை என்றதும் மைதானத்தையும் பதக்கத்தையும் நினைப்பவர்களுக்காக இங்கே சில வரிகள். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது 1974இல் அமெரிக்காவில் வெளியான மேசை விளையாட்டு. நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஒரு கதையை நடத்திச் செல்வார்கள். ஒருவர் மட்டும் கதையை நடத்துபவர். அரக்கர்களும் கடைக்காரர்களும் வானிலையும் அவர் பொறுப்பு. விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து இயங்கிய டிஎஸ்ஆர் நிறுவனம் இதை வெளியிட்டது. 1976 ஜூனில் அதே நிறுவனம் தொடங்கியதுதான் 'டிராகன்'. பத்து வருடம் கழித்து வந்த 'டன்ஜன்' முழுக்க முழுக்க சாகசங்களுக்கானது: வரைபடம், அறைகள், ஒவ்வோர் அறையிலும் என்ன காத்திருக்கிறது என்ற விவரம். கதை நடத்துபவர் சனிக்கிழமை காலையில் பிரித்துப் படித்துவிட்டு மாலையில் விளையாட்டை நடத்திவிடலாம்.

விதிப்புத்தகத்தை ஒருமுறை வாங்கினால் போதும். பத்திரிகை அப்படியல்ல, மாதம் பிறந்தால் வந்து நிற்கும். அதில் பாதி எனக்குப் பயன்படாது. எந்த மேசையிலும் யாரும் கேட்டிராத பதினேழு வகை ஈட்டிகளைப் பற்றி ஆறு பக்கக் கட்டுரை இருக்கும். ஆனாலும் படிப்பேன். குதிரையின் எடை எவ்வளவு, அது ஒரு நாளில் எவ்வளவு தூரம் போகும் என்று வாசகர்கள் ஆசிரியருக்குக் கடிதம் எழுதிச் சண்டை போடுவதை ஒரு வரி விடாமல் படிப்பேன். விளையாட்டைவிட விளையாட்டைப் பற்றிய சண்டை சுவையாக இருந்த மாதங்களும் உண்டு.

1996இல் நடந்தது எளிய கணக்குப் பிழை. டிஎஸ்ஆர் தேவைக்கு மேல் அச்சடித்துத் தள்ளியது. விற்காத நாவல்கள் புத்தகக் கடைகளிலிருந்து மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. பகடைகளை வைத்தே ஆடும் ஒரு புதிய விளையாட்டை மலையளவு தயாரித்து, அதுவும் விலைபோகாமல் கிடந்தது. அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய பணம் நிலுவையில் நின்றது. பாக்கியைத் தீர்க்காமல் இனி எந்திரம் ஓடாது என்று அச்சகம் சொல்லிவிட்டது. பத்திரிகை நின்றது. வாசகர்களுக்கு முறையான தகவலும் இல்லை. ஜனவரி இதழ் வரவில்லை, பிப்ரவரியும் வரவில்லை. தபால்காரரைச் சந்தேகித்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் டிஎஸ்ஆரை வாங்கியது, 237 வெளிவந்தது.

அந்த ஆறு மாதம் வாசகர்களுக்கு ஒரு தப்பான பாடத்தைக் கற்றுக்கொடுத்தது என்று எனக்குத் தோன்றும். நின்றது திரும்ப வரும் என்ற பாடம். சிறுபத்திரிகை படித்துப் பழகியவர்களுக்கு அந்த மயக்கம் இருக்காது. 'தவிர்க்க இயலாத காரணங்களால் அடுத்த இதழ் சற்றுத் தாமதமாகும்' என்ற வரியைப் பார்த்ததும் அவர்கள் இருக்கும் இதழ்களை பைண்டு செய்யக் கொடுத்துவிடுவார்கள்.

2007 வேறு மாதிரி. அப்போது இரண்டு பத்திரிகைகளையும் பைசோ என்ற சிறிய நிறுவனம் உரிமம் பெற்று நடத்திக்கொண்டிருந்தது. உரிமத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை, இனி இணையத்தில் நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று உரிமையாளரான விசார்ட்ஸ் முடிவெடுத்தது. அந்த ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. 359ஆம் இதழோடு 'டிராகன்' அச்சில் முடிந்தது, 150ஆம் இதழோடு 'டன்ஜன்'.

வாசகர்கள் கொதித்தார்கள். இம்மாதிரிக் கொதிப்புக்கு ஒரு வரிசை உண்டு என்பதை அப்போதுதான் கவனித்தேன். முதலில் வருபவர் சந்தாப் பணத்தைக் கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. அடுத்தவர் முதல் இதழிலிருந்து ஒன்றுகூட விடாமல் வைத்திருப்பதாகச் சொல்வார். அப்புறம் ஒருவர், பதினைந்து வருடம் முன்பே இது செத்துவிட்டது, எந்த இதழில் செத்தது என்று எண்ணோடு சொல்வார். பழைய ஆசிரியர் ஒருவரின் பெயரைச் சொல்லி, அவர் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்பார் இன்னொருவர். கடைசியில்தான் மெல்ல ஒருவர் வருவார், நான் வாங்குவதை நிறுத்தி மூன்று வருடமாகிறது, ஆனாலும் வருத்தமாக இருக்கிறது என்று. நான் அந்தக் கடைசி ஆள். எனக்கு முன்னால் பேசிய நால்வரிலும் பாதிப் பேர் அந்தக் கடைசி ஆள்தான் என்பது என் சந்தேகம்.

ஆனால் 2007இல் ஒரு மரியாதை இருந்தது. 'டன்ஜன்' அப்போது பன்னிரண்டு பகுதிகள் கொண்ட நீண்ட சாகசத் தொடரை வெளியிட்டுக்கொண்டிருந்தது. 139ஆம் இதழில் தொடங்கிய தொடர் சரியாக 150ஆம் இதழில் முடிந்தது. கப்பல் கரை சேர்ந்த பிறகுதான் விளக்கை அணைத்தார்கள். மீதமிருந்த சந்தாவைப் பைசோ தன் புதிய வெளியீட்டுக்கு மாற்றிக்கொள்ளவும் வழி செய்தது. அந்தப் புதிய வெளியீடு 'பாத்ஃபைண்டர்'. மாதமொரு சாகசமாக அந்த ஆகஸ்டில் தொடங்கி, 2009இல் தனி விளையாட்டாகவே வளர்ந்து, ஒரு காலத்தில் தாய் விளையாட்டுக்கே போட்டியாக நின்றது. கோபமாக இருக்கும் வாசகனிடம் உடனே அடுத்த இதழை நீட்டினால் அவன் வாங்கிக்கொள்வான். அதே ஆண்டு, இரண்டு பத்திரிகைகளிலும் ஆசிரியராக இருந்த வுல்ஃப்காங் பாவர் 'கோபோல்ட் குவார்ட்டர்லி' என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். அதுவும் 2012இல் நின்றது.

2013இல் கொதிப்பு இல்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அறிவிப்பு வந்து ஒரு வாரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது. 2007க்குப் பிறகு பத்திரிகை கோப்பாகத்தான் வந்துகொண்டிருந்தது. சந்தா கட்டியவர்கள் தரவிறக்கிக்கொள்ளலாம். நான் கடைசியாகத் தரவிறக்கிய மூன்று இதழ்களைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை. காகிதத்தில் வந்திருந்தால் மேசைமேல் கிடந்து உறுத்தியிருக்கும். புதிய பதிப்புக்கான வேலை நடந்துகொண்டிருந்த நேரம் அது. விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. பழைய விதிகளுக்குக் கட்டுரை போட்டு என்ன பயன் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். அந்த நியாயம் எனக்குப் புரிகிறது. புதிய பதிப்பு வந்த பிறகு பத்திரிகை ஏன் திரும்பவில்லை என்பதற்குத்தான் நியாயம் கிடைக்கவில்லை. 2015இல் 'டிராகன் பிளஸ்' என்ற பெயரில் ஒரு செயலி வந்தது. அழகாக இருந்தது. அதன் பெரும்பகுதி புதிய வெளியீடுகளைப் பற்றியதாக இருந்தது. 2022இல் அதுவும் நின்றபோது நான் ஒரு பெருமூச்சுகூட விடவில்லை.

ஏன் விடவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். படிக்க விஷயம் குறைந்துவிட்டதா? இல்லை. விளையாட்டைப் பற்றி இன்று ஒரு நாளில் எழுதப்படுவதை ஒரு மாதம் முழுக்கப் படித்தாலும் தீராது. குறைந்தது வேறொன்று. பத்திரிகையின் உட்பக்கத்தில், பொடி எழுத்தில், படைப்புகளை அனுப்ப வேண்டிய முகவரி இருக்கும். செயலியில் நான் முதலில் தேடியது அதைத்தான். அது கண்ணில் படாதபோதே எனக்கும் அதற்குமான உறவு முடிந்துவிட்டது போலிருக்கிறது.

அந்த முகவரி என்ன செய்யும் என்பதற்கு 1979ஆம் ஆண்டு போதும். பிரிட்டனில் 'ஒயிட் டுவார்ஃப்' என்ற பத்திரிகை இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்தது. வாசகர்கள் கற்பனை செய்து அனுப்பும் அரக்கர்களுக்கென்றே அதில் ஒரு பகுதி. சார்லஸ் ஸ்ட்ராஸ் என்ற பதின்வயதுப் பையன் அதற்குக் 'கித்யாங்கி' என்ற இனத்தை எழுதி அனுப்பினான். மெலிந்த உடல், மஞ்சள் தோல், ஒரு காலத்தில் அடிமைகளாக இருந்து கிளர்ந்தெழுந்து, இப்போது வேறோர் உலகத்தில் வாழும் போர்வீரர்கள். பெயரைக்கூட அவன் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் அறிவியல் புனைகதை ஒன்றிலிருந்துதான் எடுத்துக்கொண்டான். பத்திரிகை வெளியிட்டது. 1981இல் வாசகர்களின் அரக்கர்களைத் தொகுத்துத் தனிப் புத்தகம் போட்டபோது அட்டைப்படமே கித்யாங்கிதான். ஸ்ட்ராஸ் வளர்ந்து பெயர் பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆனார்.

அதே 1979இல் கனடாவில் நூலகத்தில் வேலை பார்த்த எட் கிரீன்வுட் என்ற இளைஞர் 'டிராகன்' பத்திரிகைக்கு எழுதத் தொடங்கினார். சிறுவனாக இருந்தபோதே தன் கதைகளுக்காக ஓர் உலகத்தைக் கட்டி வைத்திருந்தவர் அவர். மந்திரப் புத்தகங்களைப் பற்றி, கத்திகளைப் பற்றி என்று அவர் எழுதிய கட்டுரைகளின் ஓரங்களிலெல்லாம் அந்த உலகத்தின் ஊர்ப்பெயர்கள் எட்டிப் பார்த்தன. கட்டுரைகளைப் படித்துவந்த டிஎஸ்ஆர் கடைசியில் அந்த உலகத்தையே விலைக்கு வாங்கி 1987இல் வெளியிட்டது. 2023இல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' கணினி விளையாட்டை ஆடியவர்களுக்கு லேசெலைத் தெரியும். முகத்தைச் சுளித்துக்கொண்டு எல்லோரையும் மண்டியிடச் சொல்லும் அந்த வீராங்கனை ஒரு கித்யாங்கி. அவள் நடக்கும் நகரம் கிரீன்வுட்டின் உலகத்தில் இருக்கிறது. ஒரு பள்ளி மாணவனும் ஒரு நூலகப் பணியாளரும் ஆளுக்கொரு பத்திரிகைக்கு அனுப்பியவை நாற்பத்து நான்கு வருடம் கழித்து ஒரே திரையில் சந்தித்துக்கொண்டன.

இப்படி அனுப்பிய இன்னொருவரான கிறிஸ் பெர்கின்ஸின் முதல் சாகசம் 1988இல் 'டன்ஜன்' பத்திரிகையில் வந்தது. பின்னாளில் அதே பத்திரிகைக்கு அவரே ஆசிரியர்.

இப்போது யார் வேண்டுமானாலும் எதையும் வெளியிடலாமே என்று கேட்பார்கள். உண்மை. 2016இல் தொடங்கிய 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கில்ட்' தளத்தில் எவரும் தங்கள் சாகசத்தை ஏற்றி விற்கலாம், அந்த உலகங்களின் பெயர்களையும் பயன்படுத்தலாம். நல்ல விஷயம். அங்கே நான் வாங்கிய சில, பத்திரிகையில் வந்த பலவற்றைவிடச் சிறப்பானவை. ஆனால் அங்கே வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை. உங்கள் கோட்டைக்கு ஏன் மூன்று வாசல்கள், இரண்டாவது வாசலை யார் காவல் காக்கிறார்கள் என்று கேட்டு, திருப்பி அனுப்பும் ஒருவர் இல்லை. நிராகரிப்பைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எழுத்தாளர்களை இந்தப் பொழுதுபோக்கில் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள், மூன்றாவது முறை எடுத்துக்கொண்டார்கள் என்பார்கள். அந்த இரண்டு முறைக்குத்தான் நான் ஏங்குகிறேன்.

ஏங்குவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்றால், இல்லை. நான் ஒருமுறைகூட அனுப்பியதில்லை.

என்னிடம் ஒரு சாகசம் இருந்தது, இருக்கிறது. கலங்கரை விளக்கம் ஒன்று பகலில் எரிந்து இரவில் அணைகிறது. ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். கட்டம் போட்ட தாளில் வரைபடம் போட்டேன். ஒரு கட்டத்துக்கு ஐந்தடி. கீழே நிலவறை, மேலே வளைந்து போகும் படிகள், விளக்கு அறைக்கு ஒரு தளம் கீழே பூட்டிய அறை. ஒன்றிலிருந்து பதினெட்டு வரை எண்ணிட்டேன். பதினேழு அறைகளுக்கு விவரம் எழுதினேன். பூட்டிய அறை, 14ஆம் எண், அதற்குள் என்ன இருக்கிறது என்று மட்டும் தீர்மானிக்க முடியவில்லை. புதையல் என்று எழுதி அடித்தேன். பிணம் என்று எழுதி அடித்தேன். இன்னொரு விளக்கு என்று எழுதி, அது நன்றாக இருப்பதாகத் தோன்றி, ஒரு வாரம் கழித்து அதையும் அடித்தேன். அழிப்பான் தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தில் தாள் மெலிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். அடுத்த மாதம் அனுப்பலாம் என்று இருந்தேன். மாதாமாதம் வரும் பத்திரிகையின் ஆபத்து அது. அடுத்த மாதம் என்ற ஒன்று எப்போதும் இருப்பதாகப் பட்டுவிடும்.

அறிவிப்புகூட இல்லாத ஒரு நிறுத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வாசகர்களை நிஜமாகக் கலக்கியது அதுதான். டேவிட் டிராம்பியர் என்ற ஓவியர் 1977 முதல் 'டிராகன்' பத்திரிகையில் 'வோர்மி' என்ற படக்கதையை வரைந்துவந்தார். வோர்மி, சுருட்டுப் பிடித்துக்கொண்டு பில்லியர்ட்ஸ் ஆடும் ஒரு டிராகன். வண்ணமும் கோடும் அப்படியொரு நேர்த்தி. பத்திரிகை கைக்கு வந்ததும் கடைசிப் பக்கங்களிலிருந்து படிக்கத் தொடங்கியவர்கள் அவருக்காகவே அப்படிப் படித்தார்கள். 1988 ஏப்ரலில், 132ஆம் இதழில், கதை பாதியில் இருக்கும்போது நின்றது. அதன் பின் ஒரு பக்கமும் வரவில்லை. டிராம்பியரும் இந்தத் துறையை விட்டே காணாமல் போனார். இறந்துவிட்டார் என்று பலர் நம்பினார்கள். 2002இல் இல்லினாய் மாநிலத்தின் கார்பன்டேல் நகரில், ஒரு மாணவர் செய்தித்தாள் டாக்சி ஓட்டுநரைப் பற்றிக் கட்டுரையும் படமும் வெளியிட்டது. ஓட்டுநரின் பெயர் டேவிட் டிராம்பியர். படத்தைப் பார்த்தவர்கள் அவரைத் தேடிப் போனார்கள். அவர் பழைய வாழ்க்கைக்குத் திரும்பவில்லை. 2014 மார்ச்சில், 'டிராகன்' இடைவேளைக்குப் போன மூன்றாம் மாதம், இறந்தார்.

அந்த 132ஆம் இதழ் என்னிடம் இருக்கிறது. கடைசிக் கட்டத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அடுத்து என்ன நடக்கும் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. எந்த மாதமும் முடிவது போல முடிகிறது. இதோடு போகிறேன் என்று ஓர் ஓவியர் கோட்டில் காட்டிக்கொடுப்பார் என்று நான்தான் ஏதோ எதிர்பார்க்கிறேன்.

மணியடித்து உண்மையாகவே எல்லோரும் திரும்பி வந்த கதையும் ஒன்று உண்டு. 1991இல் தொடங்கிய 'கேம் இன்ஃபார்மர்' கணினி விளையாட்டுப் பத்திரிகையை 2024 ஆகஸ்ட் 2 அன்று உரிமையாளர் மூடினார். இணையத்தில் இருந்த பல வருடக் கட்டுரைகளும் அன்றே மறைந்தன. அதில் எழுதியவர்களுக்கே தங்கள் எழுத்தை எடுத்து வைத்துக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. 2025 மார்ச்சில் வேறொரு நிறுவனம் வாங்கி, அதே ஆசிரியர் குழுவோடு, பழைய கட்டுரைகளோடு திரும்பக் கொண்டுவந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் என்னையறியாமல் அலமாரியிலிருந்து 237ஐ எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நேர்மாறாக, லீ கோல்டு என்ற பெண்மணி 1975இல் தொடங்கிய 'அலாரம்ஸ் அண்ட் எக்ஸ்கர்ஷன்ஸ்' அதே 2025இல் நிறைவுக்கு வந்தது. அதை இதழ் என்றே சொல்வதா தெரியவில்லை. விளையாடுபவர்கள் ஆளாளுக்குப் பக்கங்கள் எழுதி அனுப்ப, அவர் அவற்றைச் சேர்த்துக் கட்டி எல்லோருக்கும் அனுப்பினார். ஐம்பது வருடம். உள்ளே இருந்ததெல்லாம் வாசகர் கடிதம்தான், அல்லது உள்ளே இருந்தவர்களெல்லாம் ஆசிரியர்தான். போதும் என்று அவரே சொல்லி முடித்தார். இடைவேளை என்று சொல்லவில்லை.

எங்கள் மேசையில் கதை நடத்தும் முறை சென்ற மாதம் எனக்கு வந்தது. தயாராக எதுவும் இல்லை. பழைய 'டன்ஜன்' ஒன்றை எடுக்கப் போனபோது, இதழ்களுக்கு நடுவே நான்காய் மடித்த கட்டத்தாள் கைக்குத் தட்டுப்பட்டது. அதையே நடத்துவது என்று துணிந்தேன். மூன்று வாரமாக ஆடுகிறோம். குழுவில் ஒருவர் நிலவறையில் வலது கையை இழந்துவிட்டார், இருந்தும் பிடிவாதமாகப் படியேறிக்கொண்டிருக்கிறார். போன சனிக்கிழமை இரவு நிறுத்தும்போது நால்வரும் விளக்கு அறைக்கு ஒரு தளம் கீழே, பூட்டிய கதவின் முன்னால் நிற்கிறார்கள். பூட்டைத் திறக்க இருபது முகப் பகடையை உருட்டியாகிவிட்டது. பத்தொன்பது விழுந்தது, கதவு திறந்தாக வேண்டும். உள்ளே என்ன என்று கேட்டார்கள். மணியாகிவிட்டது, அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்று தாளை மடித்துவிட்டேன்.

இன்று செவ்வாய். 14ஆம் எண்ணுக்கு எதிரே இன்னும் எதுவும் எழுதவில்லை.